ஒரே ஒரு சைன் அலையிலிருந்து

சிந்தசைசரை முதன்முதலாக இயக்குபவர்கள் பெரும்பாலும் அதற்குள் இருக்கும் டோன்களை ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்க்கிறார்கள். பியானோ, வயலின், புல்லாங்குழல், ஏதோ ஒரு விண்வெளி ஓசை, மறுபடியும் ஒரு பியானோ. சற்று நேரத்தில் காது அலுத்துவிடுகிறது. கருவியைப் பற்றி ஒன்றும் பிடிபடுவதில்லை. நான் சொல்ல வருவது இதற்கு நேர் எதிரான வழி. எல்லா டோன்களையும் ஒதுக்கிவிட்டு, வெறும் ஒரே ஒரு அலையிலிருந்து தொடங்குங்கள். ஒரு மாலைப்பொழுதிலேயே ஒரு மணியோசையையும் ஒரு ட்ரம்பெட்டையும் நீங்களே செய்துவிடலாம். அதற்கான கருவி இலவசமாகவே கிடைக்கிறது.

முதலில் ஒரு வேறுபாட்டைத் தெளிவாக்கிக்கொள்வோம். நம் வீடுகளில் இருக்கும் கீபோர்டுகளில் பெரும்பாலானவை, பதிவுசெய்த ஒலியைத் திரும்ப ஒலிப்பவை. ஒரு நல்ல பியானோவை ஸ்டுடியோவில் வைத்து, கட்டை கட்டையாக ஒலிப்பதிவு செய்து, சில்லுக்குள் ஏற்றியிருப்பார்கள். நாம் கட்டையை அழுத்தினால் அந்தப் பதிவு ஓடும். இந்தக் கட்டுரை பேசப்போகும் சிந்தசைசரிலோ அப்படி எந்தப் பதிவும் கிடையாது. கட்டை அழுந்தும் அந்தக் கணத்தில் ஒலி புதிதாகக் கணக்கிடப்படுகிறது. அதனால்தான் ஓர் எண்ணை மாற்றினால் ஒலியின் குணமே மாறுகிறது. பதிவுசெய்த பியானோவை எவ்வளவு திருகினாலும் அது பியானோவாகத்தான் இருக்கும்.

எடுத்துக்காட்டாக நான் எடுத்துக்கொள்வது யமஹா டிஎக்ஸ்7. 1983-இல் வந்தது. 61 கட்டைகள், ஒரே நேரத்தில் 16 ஸ்வரங்கள், நினைவில் 32 டோன்கள். பெரும் எண்ணிக்கையில் விற்ற முதல் டிஜிட்டல் சிந்தசைசர் இதுதான். 1980-களின் உலகப் பாப் இசையில் கேட்கும் அந்தக் கண்ணாடி போன்ற மின்பியானோ ஒலியின் பிறப்பிடமும் இதுவே. அதன் உள்ளமைப்பை அப்படியே மென்பொருளாக்கியிருக்கிறார்கள். பெயர் டெக்ஸெட். இலவசம், திறந்த மூலம், விண்டோஸ், மேக், லினக்ஸ் மூன்றிலும் ஓடும். பழைய டிஎக்ஸ்7 டோன் கோப்புகளையும் அது படிக்கும். வன்பொருளாகவே வேண்டும் என்பவர்களுக்குக் கார்க் நிறுவனத்தின் வோல்கா எஃப்எம், யமஹாவின் ரீஃபேஸ் டிஎக்ஸ் ஆகியவை அதே வழியில் வந்த சிறு கருவிகள். கற்பதற்கு டெக்ஸெட்டே போதும். எண்கள் எல்லாம் ஒரே திரையில் தெரிவதால், கற்பதற்கு அசல் கருவியைவிட அது வசதி என்றுகூடச் சொல்வேன். அசல் டிஎக்ஸ்7-இல் இரண்டே வரிகள் கொண்ட சின்னத் திரை. ஒரு நேரத்தில் ஓர் எண்தான் கண்ணில் படும்.

தேவையானவை ஒரு கணினி, யுஎஸ்பி வழியாக இணையும் ஒரு மிடி கீபோர்டு, கம்பியுள்ள ஹெட்போன். பின்புறம் யுஎஸ்பி துளை உள்ள வீட்டுக் கீபோர்டுகளில் பல மிடி கீபோர்டாகவும் பயன்படும். டெக்ஸெட்டின் அமைப்புப் பக்கத்தில் கீபோர்டின் பெயரைத் தேர்ந்தெடுத்தால் கட்டைகள் பேசத் தொடங்கிவிடும். கம்பியுள்ள ஹெட்போன் என்று அழுத்திச் சொல்லக் காரணம் இருக்கிறது. ப்ளூடூத் ஹெட்போனில் ஒலி கணிசமான தாமதத்தோடு வரும். பாட்டுக் கேட்கும்போது அது தெரியாது. வாசிக்கும்போது விரலும் காதும் பிரிந்துபோகும்.

இந்தத் தாமதம்தான் கணினியில் வாசிக்கத் தொடங்குபவர்களை விரட்டியடிக்கும் முதல் எதிரி. அதனால் கொஞ்சம் நின்று பார்க்கலாம். கணினி ஒலியை வினாடிக்கு 44,100 எண்களாகக் கணக்கிடுகிறது. ஒவ்வோர் எண்ணாக அனுப்பாமல், ஒரு கட்டுச் சேர்ந்ததும் மொத்தமாக அனுப்பும். அந்தக் கட்டுக்கு பஃபர் என்று பெயர். பஃபர் 1,024 எண்கள் என்றால், கட்டு நிறைய 23 மில்லி வினாடி ஆகும். 256 என்றால் ஏறத்தாழ 5.8 மில்லி வினாடிதான். காற்றில் ஒலி வினாடிக்குச் சுமார் 343 மீட்டர் செல்வதால், முதல் அமைப்பில் வாசிப்பது ஸ்பீக்கரை எட்டு மீட்டர் தள்ளி வைத்துக்கொண்டு வாசிப்பதற்குச் சமம். இரண்டாவதில் அந்தத் தூரம் இரண்டு மீட்டராகச் சுருங்குகிறது. இது கைக்கு இயல்பாக இருக்கும். ஆகவே அமைப்புப் பக்கத்தில் பஃபரை 256-க்குக் கொண்டுவாருங்கள். படபடவென்று ஒலி வெடித்தால் கணினியால் ஈடுகொடுக்க முடியவில்லை என்று பொருள், 512-க்கு ஏற்றிக்கொள்ளலாம். விண்டோஸில் ஏஎஸ்ஐஓ என்ற வகை ஒலி இயக்கியைப் பயன்படுத்தினால்தான் இந்தச் சிறிய எண்கள் உண்மையில் பலன் தரும். மேக்கில் இந்தக் கவலை இல்லை.

பழைய டிஎக்ஸ்7 ஒன்றையே விலைக்கு வாங்குவதாக இருந்தால் இரண்டைச் சரிபாருங்கள். பின்புறத்தில் அச்சிட்டிருக்கும் மின்னழுத்தம் ஒன்று: ஜப்பானிய உள்நாட்டுக் கருவி 100 வோல்ட்டுக்கானது, நம் 230 வோல்ட்டில் நேராகச் செருகினால் போயிற்று. இன்னொன்று, டோன்களை நினைவில் வைத்திருக்கும் உள் பேட்டரி. அது தீர்ந்திருந்தால் அணைத்தவுடன் நீங்கள் செய்த டோன்கள் மறைந்துவிடும். எந்தக் கருவியானாலும் சிந்தசைசரை முதலில் போட்டு, ஆம்பிளிஃபையரைக் கடைசியில் போடுங்கள். அணைக்கும்போது ஆம்பிளிஃபையர் முதலில். ஸ்பீக்கர் பிழைக்கும்.

கீபோர்டிலிருந்து கணினிக்குப் போகும் கம்பி வழியே ஒலி போவதில்லை. போவது மூன்று சிறு எண்கள்: எந்தத் தடம், எந்தக் கட்டை, எவ்வளவு வேகமாக அழுத்தினீர்கள். நடு சி கட்டையின் எண் 60. 440 ஹெர்ட்ஸ் கொண்ட ஏ கட்டை 69. வேகம் 1 முதல் 127 வரை. இந்தப் பொதுமொழிதான் மிடி. சீக்வென்ஷியல் சர்க்கிட்ஸ் நிறுவனத்தின் டேவ் ஸ்மித்தும், ரோலண்ட் நிறுவனர் இகுதாரோ காகேஹாஷியும் முன்னின்று உருவாக்கியது. 1983 ஜனவரியில் கலிபோர்னியாவில் நடந்த இசைக்கருவிக் கண்காட்சியில் அமெரிக்கக் கருவியான ப்ராஃபெட்-600-ஐயும் ஜப்பானியக் கருவியான ஜூபிட்டர்-6-ஐயும் ஒரு கம்பியால் இணைத்துக் காட்டினார்கள். ஒன்றில் வாசித்தது மற்றொன்றில் ஒலித்தது. போட்டி நிறுவனங்கள் தங்கள் கருவிகள் ஒன்றோடொன்று பேச வேண்டும் என்று ஒப்புக்கொண்டன, அதற்குக் கட்டணமும் கேட்கவில்லை. அன்றைய பழைய கம்பியின் வேகம் வினாடிக்கு 31,250 பிட்டுகள். ஒரு ஸ்வரத்துக்கு 30 பிட்டுகள். ஒரு மில்லி வினாடிக்குள் செய்தி போய்ச் சேர்ந்துவிடும். நாற்பதாண்டுகள் தாண்டியும் இன்று நாம் வாங்கும் கீபோர்டு அந்த 60, 69 என்ற எண்களையே அனுப்புகிறது.

இப்போது டெக்ஸெட்டில் இனிட் என்ற பொத்தானை அழுத்துங்கள். எல்லாம் அழிந்து, ஒரே ஒரு சைன் அலை மட்டும் எஞ்சும். கட்டையை அழுத்தினால் ஊ என்ற தட்டையான, நிறமற்ற ஓசை. வானொலி நிலையத்தின் சோதனை ஒலியை நினைவூட்டும். இதற்கு மேற்சுரங்கள் எதுவும் கிடையாது. நீங்கள் ஏ கட்டையை அழுத்தினால் 440 ஹெர்ட்ஸ் மட்டுமே இருக்கும். 880-உம் இல்லை, 1,320-உம் இல்லை. ஒரு வயலினும் நாதஸ்வரமும் ஒரே சுருதியில் ஒலித்தாலும் வேறு வேறாகக் கேட்பதற்கு, அடிப்படைச் சுருதியோடு கூடவரும் இந்த மேற்சுரங்களின் அளவுகள் வேறுபடுவது முக்கியக் காரணம். ஆக, நம் பிரச்சினை எளியது: இந்த வெறும் அலைக்கு மேற்சுரங்களை எங்கிருந்து கொண்டுவருவது?

அதற்கு விடை கண்டவர் ஜான் சௌனிங். அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் இசை பயின்றவர், தாளவாத்தியக்காரர், இசையமைப்பாளர், பொறியாளர் அல்லர். பெல் ஆய்வகத்தின் மேக்ஸ் மேத்யூஸ் 1963-இல் எழுதிய ஒரு கட்டுரைதான் அவரைக் கணினிப் பக்கம் இழுத்தது. கணினி எந்த ஒலியையும் உண்டாக்க முடியும் என்று அதில் சொல்லியிருந்தார் மேத்யூஸ். 1967-இல் சௌனிங் கணினியில் வைப்ராட்டோவைச் சோதித்துக்கொண்டிருந்தார். வயலின்காரர் விரலை ஆட்டிச் சுருதியை மேலும் கீழும் அசைப்பாரே, அதே அசைவு. மனித விரலுக்கு வினாடிக்கு ஆறேழு முறைதான் வசதியாக அசையும். கணினிக்கு அந்த எல்லை இல்லை. அவர் வேகத்தையும் ஆழத்தையும் கூட்டிக்கொண்டே போனார். ஒரு கட்டத்தில் அசைவு கேட்பது நின்றது. அதற்குப் பதிலாக முற்றிலும் புதிய, நிறம் செறிந்த ஒரு ஒலி கேட்டது.

இந்தச் சோதனையை நீங்களே இப்போது திரும்பச் செய்யலாம். இதைப் படித்துவிட்டு நகர்ந்துவிடாமல் தயவுசெய்து செய்து பாருங்கள். காது ஒருமுறை கேட்டுவிட்டால் பிறகு எந்த விளக்கமும் எளிது. டெக்ஸெட்டில் ஆறு ஆபரேட்டர்கள் இருக்கின்றன. ஒவ்வோர் ஆபரேட்டரும் ஒரு சைன் அலைதான். இனிட் நிலையில் முதல் ஆபரேட்டர் மட்டும் ஒலிக்கிறது. இரண்டாவது, முதலாவதின் தலைமேல் உட்கார்ந்து அதை அசைக்கக் காத்திருக்கிறது. அதன் அளவு பூஜ்யம். இரண்டாவதை விகிதத்திலிருந்து நிலையான அதிர்வெண் முறைக்கு மாற்றி, 6 ஹெர்ட்ஸ் அருகில் வையுங்கள். அதன் அளவை மெல்ல ஏற்றுங்கள். சைன் அலை வைப்ராட்டோ போட ஆரம்பிக்கும். இனி ஒரு கட்டையைப் பிடித்தபடி அதிர்வெண்ணை 10, 15, 20 என்று உயர்த்துங்கள். அசைவு படபடப்பாகி, 20-க்கும் 30-க்கும் இடையே எங்கோ கரகரப்பாக உருகி, அதற்கு மேலே போனால் நிறமாக மாறிவிடும். நம் காது வினாடிக்குச் சுமார் இருபது முறைக்கு மேல் நடப்பதைத் தனித்தனி நிகழ்வாகப் பிரிப்பதில்லை. சௌனிங் கேட்டது இந்த எல்லைக்கு அப்பால் இருந்ததை.

அங்கே என்ன நடக்கிறது? ஒலிக்கும் அலை 200 ஹெர்ட்ஸ், அசைக்கும் அலையும் 200 ஹெர்ட்ஸ் என்று வைத்துக்கொள்வோம். அசைவின் விளைவாக, ஒலிக்கும் அலையின் இரு புறமும் 200, 400, 600 என்ற தூரங்களில் புதிய அதிர்வெண்கள் பிறக்கின்றன. மேற்புறம் 400, 600, 800. கீழ்ப்புறம் பூஜ்யத்துக்குக் கீழே போகும் எண்கள் கண்ணாடியில் பட்டதுபோல் திரும்பி நேர் எண்களாக வந்து இவற்றோடு கலக்கும். முடிவில் 200, 400, 600, 800 என்ற முழு மேற்சுர வரிசை. பித்தளைக் கருவிகளின் குணம் இதுதான்.

அசைக்கும் அலையை 400-க்கு மாற்றுங்கள். இப்போது பிறப்பவை 600, 1,000, 1,400. கீழிருந்து திரும்பி வருபவையும் அதே 200, 600, 1,000. ஒற்றைப்படை மடங்குகள் மட்டும்! கிளாரினெட்டின் அடிச்சுருதியில் ஓங்கி நிற்பவை இவையே. டெக்ஸெட்டில் இரண்டாம் ஆபரேட்டரை மறுபடி விகித முறைக்கு மாற்றி, விகிதத்தை 1.00-இலிருந்து 2.00-க்கு நகர்த்துங்கள். ஓசை உடனே உள்ளீடற்ற குழலின் தொண்டையிலிருந்து வருவதாகிவிடும்.

அடுத்து 280. பிறப்பவை 480, 760, 1,040. திரும்பி வருபவை 80, 360, 640. இந்தக் கூட்டத்தைக் காதால் ஒரே சுருதியின் மடங்குகளாகக் கோத்துக்கொள்ள முடிவதில்லை. அப்படிக் கோக்க முடியாத அதிர்வெண்களின் கூட்டத்தை நாம் எங்கே கேட்கிறோம்? மணியில், சேகண்டியில், பாத்திரம் கீழே விழும்போது. 200-க்கு 280, அதாவது விகிதம் 1.40. சௌனிங் 1973-இல் ஒலிப்பொறியியல் கழகத்தின் இதழில் எழுதிய கட்டுரையில் மணியோசைக்குக் கொடுத்த எண்கள் இவையே.

விகிதம் எந்த மேற்சுரங்கள் என்பதைத் தீர்மானிக்கிறது. அசைக்கும் ஆபரேட்டரின் அளவு, அவற்றில் எத்தனை காதில் படும் என்பதைத் தீர்மானிக்கிறது. அளவு குறைந்தால் அருகிலுள்ள ஓரிரண்டு மட்டும். கூடினால் தொலைவிலுள்ளவையும் விழித்துக்கொண்டு ஒலி பளபளக்கும். ஒவ்வொன்றின் வலிமையையும் துல்லியமாகச் சொல்லும் கணிதமும் உண்டு, பெஸல் சார்புகள் என்று பெயர். வாசிப்பவருக்கு அது வேண்டியதில்லை. இரண்டே எண்களில் ஓர் ஒலியின் முகம் முழுவதும் அடங்கிவிடுகிறது என்பதுதான் வேண்டியது. இதற்கு முன்பு, நூறு மேற்சுரம் வேண்டும் என்றால் நூறு அலைகளைத் தனித்தனியே கணக்கிட்டுக் கூட்ட வேண்டியிருந்தது. சௌனிங் இரண்டு அலைகளில் முடித்தார். இசைத் தொழில்நுட்பத்தில் இவ்வளவு சிக்கனமான கண்டுபிடிப்பு வேறொன்று இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை.

ஆனாலும் இப்போது உங்கள் மணி, மணி மாதிரி ஒலிக்காது. சைரன் மாதிரி நின்று கத்தும். இயற்கையான எந்த ஒலியும் அசையாமல் நிற்பதில்லை என்பதே காரணம். இங்கேதான் என்வலப் வருகிறது, இதுதான் இந்தக் கருவியின் உயிர்ப்பகுதி. ஒவ்வோர் ஆபரேட்டருக்கும் நான்கு மட்டங்கள், அவற்றை எட்டும் நான்கு வேகங்கள். வேகம் 99 என்றால் உடனடி. எண் குறையக் குறைய நிதானம். முதல் ஆபரேட்டரில் முதல் மட்டத்தை 99-இல் விட்டுவிட்டு, இரண்டாம், மூன்றாம் மட்டங்களைப் பூஜ்யமாக்குங்கள். இரண்டாம் வேகத்தை 25-க்கு அருகே இறக்குங்கள். நான்காம் வேகத்தையும் அப்படியே. இல்லையென்றால் கட்டையை விட்டதும் மணி வெட்டுண்டு நிற்கும். இப்போது அடித்தால் ஒலித்து மெல்லத் தேயும். அடுத்து இரண்டாம் ஆபரேட்டருக்கும் இதையே செய்யுங்கள், ஆனால் தேயும் வேகத்தைச் சற்றுக் கூட்டி, 35 அளவில் வையுங்கள். அதன் அளவு 80-ஐ ஒட்டி இருக்கட்டும். கட்டையைத் தட்டிவிட்டுக் கையை எடுங்கள். அடித்த கணத்தில் உலோகக் கிணுகிணுப்பு, பிறகு கிணுகிணுப்பு அடங்கி, வெறும் ஊங்காரம் நெடுநேரம் தங்கும். உண்மையான மணியிலும் உச்ச மேற்சுரங்கள்தான் முதலில் சாகின்றன.

ட்ரம்பெட்டுக்குப் பாதை வேறு. பெல் ஆய்வகத்தில் 1960-களில் ஜான் கிளாட் ரிசே என்ற பிரெஞ்சு இசையமைப்பாளர் ட்ரம்பெட் ஒலியைக் கணினியில் பகுத்துப் பார்த்தார். ஊதல் வலுக்க வலுக்க மேற்சுரங்களும் கூடிக்கொண்டே போகின்றன என்று கண்டார். ஒலி உரக்க ஆவதும் பளபளப்பு ஏறுவதும் கூடவே நடக்கின்றன. பித்தளை என்று காது அடையாளம் காண்பது அந்த ஏற்றத்தைத்தான். சௌனிங்கின் முறையில் இதைச் செய்வது மிக எளிது. விகிதம் 1.00. இரண்டாம் ஆபரேட்டரின் முதல் வேகத்தை 55 போலக் குறைத்து, மேற்சுரங்கள் உடனே வராமல் ஏறி வரும்படி செய்யுங்கள். முதல் ஆபரேட்டரின் ஏற்றம் சற்று விரைவாக, 70 அளவில். பாம் என்று ஒரு ஊதல் கேட்கும். இங்கே சொன்ன எண்கள் தொடக்கத்துக்குத்தான்; காதை நம்பி ஏற்றி இறக்குங்கள்.

இன்னொன்று செய்தால் இது கருவியாகிவிடும். இரண்டாம் ஆபரேட்டருக்கு, கட்டை அழுத்தும் வேகத்தை உணரும் அமைப்பு பூஜ்யம் முதல் 7 வரை உண்டு. அதை 4 அல்லது 5-க்கு ஏற்றுங்கள். மென்மையாகத் தொட்டால் மங்கலான ஒலி. ஓங்கித் தட்டினால் பளிச்சென்ற ஒலி. விரல், ஒலியின் உரத்தை மட்டுமல்லாமல் அதன் நிறத்தையே ஆளத் தொடங்குகிறது. டிஎக்ஸ்7-இன் புகழ்பெற்ற இ.பியானோ 1 என்ற டோனின் ரகசியமும் இதுதான். அதில் மூன்று இணைகள் உண்டு. ஒன்றில் அசைக்கும் ஆபரேட்டரின் விகிதம் 14. அடிச்சுருதிக்கு வெகு உயரத்தில் பிறக்கும் அந்தச் சிறு டிங் ஓசை, தட்டும் வலுவைப் பொறுத்து ஏறி இறங்கும். மின்பியானோவுக்குள் சுத்தியல் உலோகக் கம்பியைத் தட்டும் ஓசையாகவே அது காதில் விழும்.

சௌனிங்கின் கண்டுபிடிப்பு கருவியாக மாறிய கதை நீளமானது. ஸ்டான்ஃபோர்டு இதை அமெரிக்க ஆர்கன் நிறுவனங்களிடம் கொண்டுபோனது. ஹேமண்டும் வுர்லிட்சரும் வேண்டாம் என்றன. யமஹாவின் பொறியாளர் கசுகியோ இஷிமுரா பார்த்தவுடன் புரிந்துகொண்டார். இதற்கிடையில் சௌனிங்கின் ஆசிரியர் பணியை ஸ்டான்ஃபோர்டு நிரந்தரமாக்காமல் விட்டு, பின்னர் அவரைத் திரும்ப அழைத்தது. 1977-இல் காப்புரிமை கிடைத்தது. அதிலிருந்து பல்கலைக்கழகம் ஈட்டியது இரண்டு கோடி டாலருக்கும் மேல்.

இதைக் கருவியாக்க யமஹாவுக்குப் பத்தாண்டுகள் பிடித்ததில் வியப்பில்லை. டிஎக்ஸ்7-இல் ஆறு ஆபரேட்டர்கள், பதினாறு ஸ்வரங்கள். மொத்தம் 96 சைன் அலைகள். ஒவ்வொன்றையும் வினாடிக்கு ஏறத்தாழ 49,000 முறை கணக்கிட வேண்டும். வினாடிக்கு ஏறக்குறைய 47 இலட்சம் கணக்குகள், 1983-இன் சில்லுகளில். பெருக்கல் அந்தச் சில்லுகளுக்குப் பெரும் சுமை. யமஹா பொறியாளர்கள் சைன் மதிப்புகளை லாகரிதமாக அட்டவணையிட்டுச் சில்லுக்குள் வைத்தார்கள். லாகரிதத்தில் பெருக்கல் கூட்டலாகிவிடும் என்று பள்ளியில் படித்தோமே, அதே தந்திரம். ஒரே கணக்கிடும் சுற்று 96 அலைகளையும் ஒன்றன்பின் ஒன்றாக முடித்துவிட்டு மறுபடி முதலாவதுக்கு வந்து நின்றது. லாகரிதம் எதற்குப் பயன்படும் என்று கேட்கும் மாணவரிடம் இதை ஒலிக்கவிட்டே காட்டலாம்.

1980-களின் நடுப்பகுதியில் சென்னை ஒலிப்பதிவுக் கூடங்களிலும் மின்னணு இசை வேரூன்றியது. 1986-இல் வந்த புன்னகை மன்னன் படத்தில் இளையராஜா கணினியின் துணையோடு இசையமைத்தது அன்று பெரிதாகப் பேசப்பட்டது. அவருடைய குழுவில் இளம் வயதில் கீபோர்டு வாசித்த ஏ.ஆர். ரகுமான், 1992-இல் ரோஜாவோடு வந்தபோது, சிந்தசைசர் தமிழ்த் திரையிசையின் முதுகெலும்பாகவே ஆகிவிட்டது.

நம் இசையைச் சிந்தசைசரில் வாசிக்க விரும்புபவர்களுக்குக் கமகம்தான் பெரிய கேள்வி. கட்டைகள் படிக்கட்டுகள், நம் ஸ்வரங்கள் வழுக்கிச் செல்பவை. அதற்குக் கீபோர்டின் இடப்பக்கம் இருக்கும் பிட்ச் பெண்ட் சக்கரத்தைப் பயன்படுத்தலாம். மற்ற மிடி எண்களில் பெரும்பாலானவை 128 படிகளோடு நிற்க, இதற்கு 16,384 படிகள் ஒதுக்கியிருக்கிறார்கள், காது சுருதி நகர்வில் அவ்வளவு கூர்மையானது என்பதால். வரம்பை இரண்டு அரைச்சுரங்களாக வைத்துத் தொடங்குங்கள். வலக்கை ஸ்வரத்தைப் பிடிக்க, இடக்கை சக்கரத்தால் அசைவைத் தரும். டெக்ஸெட்டில் மோனோ முறையைப் போட்டு ஒரு நேரத்தில் ஒரு ஸ்வரம் மட்டும் ஒலிக்கச் செய்தால், குழலுக்கும் குரலுக்கும் உரிய தொடர்ச்சி வரும். சென்னையைச் சேர்ந்த கே. சத்யநாராயணன் கீபோர்டில் முழுக் கர்நாடகக் கச்சேரியே செய்து, இந்தச் சக்கரம் எவ்வளவு தூரம் போகும் என்று காட்டியிருக்கிறார். ஒரு நாளில் வசப்படுவதன்று. சக்கரத்தைத் திருப்பும் கைக்கும் ராகம் தெரிந்திருக்க வேண்டும்.

சுருதியைச் சரிசெய்ய ட்ரான்ஸ்போஸ் இருக்கிறது. ஐந்தரைக் கட்டைக்குப் பாடுபவர் ஜி ஷார்ப்பில் தேட வேண்டியதில்லை; சி கட்டையையே ஐந்தரைக்கு ஏற்றிவிட்டு வழக்கமான விரலமைப்பில் வாசிக்கலாம்.

பயிற்சிக்கு நான் பரிந்துரைப்பது ஒரு தம்புரா. ஆபரேட்டர்களின் இணைப்பு முறைகளுக்கு அல்காரிதம் என்று பெயர், மொத்தம் 32. அதில் ஐந்தாவதைத் தேர்ந்தெடுத்தால் மூன்று தனி இணைகள் கிடைக்கும். முதல் இணை ஸட்ஜம், விகிதம் 1.00. இரண்டாவதும் அதே ஸட்ஜம், ஆனால் டீட்யூன் எண்ணை இம்மியளவு நகர்த்திவிடுங்கள். இரண்டும் உரசி மெல்லிய அலைபோல் ஏறி இறங்கும். மூன்றாவது இணையின் இரு ஆபரேட்டர்களையும் 1.50-இல் வையுங்கள். இதுதான் பஞ்சமம். கீபோர்டில் சி-யையும் ஜி-யையும் சேர்த்து அழுத்தினால் கிடைக்கும் விகிதம் 1.498 மட்டுமே, ஏனெனில் மேற்கத்திய சுருதியமைப்பு பன்னிரண்டு ஸ்வரங்களையும் சம தூரத்தில் அடுக்குகிறது. ஆபரேட்டரில் நீங்கள் வைக்கும் 1.50-ஓ நம் செவி கேட்டுப் பழகிய சுத்தமான பஞ்சமம். கட்டைகளில் கிடைக்காத ஸ்வரம் எண்ணுக்குள் கிடைக்கிறது! உண்மைத் தம்புராவின் ஜீவாளி நாதத்தை இது எட்டாது. ஆனாலும் அசைக்கும் ஆபரேட்டர்களின் என்வலப்பை மெல்ல ஏறவும் இறங்கவும் விட்டால், மேற்சுரங்கள் விரிந்து சுருங்கும் அந்தச் சாயல் வந்துவிடும். இதைச் செய்து முடித்தவருக்கு என்வலப், விகிதம், டீட்யூன் மூன்றும் கையில் பழகிவிட்டிருக்கும்.

இவ்வளவுக்குப் பிறகு கடைசியாகத் தயார் டோன்களுக்குப் போங்கள். இப்போது அவை வேறாகத் தெரியும். பிடித்த ஒன்றைத் திறந்து, ஆபரேட்டர்களை ஒவ்வொன்றாக அணைத்துப் பாருங்கள். எது அடிநாதம், எது தட்டும் ஓசை, எது பளபளப்பு என்று பிரிந்து வரும். செய்தவர் எப்படி யோசித்தார் என்பது அதில் எழுதியே இருக்கிறது.

காப்புரிமை 1990-களின் நடுவிலேயே முடிந்துவிட்டது. இந்த முறை இன்று எல்லாருக்கும் பொதுச் சொத்து. சௌனிங்கின் 1973-ஆம் ஆண்டுக் கட்டுரையின் அடிப்படை, பன்னிரண்டாம் வகுப்பு முக்கோணவியல் தெரிந்தவருக்குப் புரியக்கூடியது. வீட்டில் கணிதமோ இசையோ படிக்கும் பிள்ளை இருந்தால் டெக்ஸெட்டை நிறுவிக் கொடுங்கள். இனிட் பொத்தான் எது என்று மட்டும் காட்டிவிட்டு, ஹெட்போனை அவர்களிடம் விட்டுவிடுங்கள்.